காவியாவின் உயரம் குறித்த விளக்கம்

சங்கரன்கோவில்,
வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சிவகிரி கோமதிநாயகம் அண்ணாச்சி அவர்களின் சமூகத்திற்கு, காவியாவின் தகப்பனார் இசக்கிப்பாண்டி தலைகுனிந்து எழுதிக்கொள்வது.

தாங்களும் மதினி அவர்களும் தங்கள் மகன் தம்பி சிவபாலனும் தங்கள் தோட்டத்து எலுமிச்சையும் நலமாக இருக்கக் கோமதியம்மாள் அருள்புரிய வேண்டும். இவ்விடம் அனைவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் ஒரு வாரமாக நான் எழுதியதும் பிறரை எழுதவிட்டதும் எதுவும் உண்மையாக இல்லாததால், இதையாவது உண்மையாக எழுதிவிடுகிறேன். இவ்விடம் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மானம்தான் படுத்துக்கிடக்கிறது.

நேற்றுக் காலையில் தாங்கள் போன் பண்ணி, குரலில் கோபமே இல்லாமல், "அண்ணாச்சி, திங்கக்கிழமை பாக்கையில புள்ள அஞ்சடி ஒண்ணுன்னு போட்டிருந்துச்சு. இன்னைக்குப் பாக்கேன், அஞ்சடி எட்டுன்னு இருக்கு. இன்னும் வளருதாளோ?" என்று கேட்டீர்கள். நானும் "ஆமா அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வண்டி வருமா என்று யார் கேட்டாலும் ஆமா சொல்லியே பழகிய வாய். இருபத்தெட்டு வயதுப் பெண் மூன்று நாளில் ஏழு அங்குலம் வளர்ந்ததற்கும் அந்த வாய் ஆமா போட்டுவிட்டது. தாங்கள் "சரி, ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வாறதப் பத்தி யோசிச்சுச் சொல்லுதோம்" என்று போனை வைத்துவிட்டீர்கள். தங்கள் யோசனை முடிவதற்குள் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும் என்பதால் தபாலை நம்பாமல் சிவகிரி வண்டி கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். பேனாவால் எழுதியிருக்கிறேன். காகிதத்தில் என்னைத் தவிர வேறு யாரும் நுழைய முடியாது என்ற ஒரே தைரியம்.

நடந்தது இதுதான் அண்ணாச்சி. காவியா தன் பயோடேட்டாவைத் தானேதான் எழுதினாள். ஒரே பக்கம். அதைக் கம்ப்யூட்டரில், ஒரே காகிதத்தைப் பல பேர் அவரவர் போனில் பார்க்கிற மாதிரியான ஒன்றில் ஏற்றி எனக்கு அனுப்பினாள். "அப்பா, இதைத் திருத்துற உரிமை நம்ம ரெண்டு பேருக்குத்தான். மத்தவங்க கேட்டா பார்வையாளர்னு குடுங்க. படிக்கலாம், தொட முடியாது" என்று கோயம்புத்தூரிலிருந்து படித்துப் படித்துச் சொன்னாள். அவள் எழுதியதில் ஒரு பொய் கிடையாது. உயரம் ஐந்தடி நாலு. மாநிறம். பம்ப்செட் கம்பெனியில் டிசைன் எஞ்சினியர். சமையல் பசிக்கு அளவாகத் தெரியும். பைக் ஓட்டுவேன். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன். நான்கூட "கொஞ்சம் மொட்டையா இருக்கேம்மா" என்றேன். "நானும் அப்படித்தானப்பா இருக்கேன்" என்றாள். வெள்ளிக்கிழமை தங்களுக்கு அனுப்பியது அந்தப் பக்கம்தான். அன்றைக்கு அது சுத்தமாக இருந்தது.

முதலில் என் மைத்துனர் வெள்ளத்துரைக்கு, அதாவது காவியாவின் தாய்மாமனுக்கு, பார்வையாளர் என்று கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் இளையரசனேந்தலிலிருந்து போன். "என்ன அத்தான், பார்வையாளர்னு வருது? தாய்மாமன் ஓரமா நின்னு வேடிக்கை பாக்கணுமோ?" என்றார். பதறிப்போய் அதற்கு அடுத்த படியான கருத்துரைப்பவராக ஆக்கினேன். "அப்போ நான் குறை சொல்லுத ஆளுன்னு முத்திரையே குத்தியாச்சு" என்றார். வேறு வழியில்லாமல் திருத்துபவர் என்று கொடுத்தேன். அவருக்கு அந்த மரியாதை என்றால் மூத்த மருமகனுக்கு அதற்குக் குறைவாகக் கொடுக்க முடியுமா? மருமகனுக்குக் கொடுத்தது தெரிந்ததும் என் தங்கை மாரிசெல்வி, "கூடப் பொறந்தவளுக்கு எந்தத் தட்டுல எடம்னு நீயே சொல்லுண்ணே" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். யாருக்கு எந்த மரியாதை என்பதெல்லாம் நம் பக்கத்தில் பந்தியிலும் பத்திரிகையிலும் ஒருவழியாகச் சண்டைபோட்டுத் தீர்த்து வைத்திருக்கிற விஷயம். அதில் புதிதாக மூன்று படி கட்டி, சொந்தக்காரர்களை ஏற்றி இறக்கிவிடு என்று என் கையில் கொடுத்தால் நான் என்ன செய்வேன்? எல்லோரையும் மேல்படியில் ஏற்றிவிட்டேன். ஓடுகிற வண்டியில் ஏறிய அத்தனை பேரிடமும் ஸ்டியரிங்கைக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. சம்பந்தியாக வரப்போகிற தங்களை மட்டும் கீழே நிறுத்த மனசு வருமா? தங்கள் இல்லத்துக்கும் திருத்தும் உரிமையே கொடுத்தேன். அது தங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ.

வெள்ளத்துரை, தம்பி சிவபாலன் பைக் பக்கத்தில் நிற்கிற போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து ஏதோ கணக்குப் போட்டு, "ஜோடின்னா தோதா இருக்கணும்லா" என்று காவியாவை மூன்று அங்குலம் குறைத்துவிட்டார். தம்பியின் உயரத்தைப் பற்றி இவ்விடம் யாருக்கும் எந்த அபிப்பிராயமும் இல்லை என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிக்கொள்கிறேன். மாரிசெல்வி பார்த்துவிட்டு, நம்ம பிள்ளை இவ்வளவு குட்டையா என்று மனசு பொறுக்காமல் ஐந்தடி எட்டு என்று போட்டாள். அதோடு வயதில் ஒன்றைக் கழித்தாள். மாநிறத்தைச் சிவப்பாக்கியதும் அவள்தான். திருப்பூரிலிருந்து மூத்த மருமகன், பம்ப்செட் என்றால் கையில் கிரீஸ் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள் மாமா என்று சொல்லி, ஐ.டி. கம்பெனி என்று மாற்றினார். பைக் ஓட்டுவேன் என்றிருந்த இடத்தில் கோலம் போடுவேன் என்று வந்தது. பசிக்கு அளவான சமையல் அறுசுவையாயிற்று. செவ்வாய்க்கிழமை மத்தியானம் "மாமியாரைப் பெற்ற தாயாகப் பாவிப்பாள்" என்று ஒரு வரி முளைத்தது. எங்கள் பக்கம் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன், யாரும் எழுதவில்லை என்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, மதினியிடம் விசாரிக்கவும் வேண்டாம். ஒரு தகவலுக்காகச் சொன்னேன்.

இதற்கு நடுவில் யார் யாரோ அனுமதி கேட்டு எழுத ஆரம்பித்தார்கள். இவர்கள் அவர்களுக்கு அனுப்ப, அவர்கள் இன்னொருவருக்கு அனுப்ப, இன்னார் உள்ளே வர அனுமதி கேட்கிறார் என்று போனில் மணிக்கு நாலு கடிதம். வாசலில் வந்து கேட்கிறவரைப் போ என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எல்லோருக்கும் சரி சரி என்று அமுக்கி விரல் வலித்தது. வெள்ளத்துரைதான் யோசனை சொன்னார்: "எதுக்கு அத்தான் ஒவ்வொருத்தனுக்கா கதவு தொறந்துக்கிட்டு? மொத்தமாத் தொறந்து போட்டிருங்க." தொறந்து போட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்தின் தலைமாட்டில் பெயரில்லாத நரி ஒன்று, பெயரில்லாத முதலை ஒன்று என்று காட்டியது. ஆள் தெரியாமல் படிக்கிறவர்களுக்கு அப்படி ஒரு படம் போடுவார்களாம். என் வீட்டுக்காரி பார்வதியம்மாள் அதைப் பார்த்து, "நல்ல காரியத்துல நரி என்னத்துக்குங்க வருது?" என்று என் போனுக்குத் திருஷ்டி சுற்றிச் சூடம் கொளுத்தினாள். சூடம் அணைவதற்குள் எவரோ ஒரு தரகர், காவியாவின் பயோடேட்டாவுக்குக் கீழேயே, இதுபோல் இன்னும் பல நல்ல வரன்கள் உண்டு என்று எழுதித் தன் செல் நம்பரையும் போட்டுவிட்டார். அந்த நம்பரைத் தாங்கள் குறித்து வைத்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

தங்கள் போன் வந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. கதவைச் சாத்தி, ஒவ்வொருவராக எல்லோரையும் நீக்கினேன். தங்களையும் சேர்த்துத்தான், மன்னிக்கவும். மத்தியானமே வெள்ளத்துரை பஸ் ஏறி வந்து வாசலில் நின்றார். காப்பி வேண்டாம் என்றார், மோர் வேண்டாம் என்றார். "தாய்மாமனத் தூக்கிப் போடுததுக்குன்னு ஒரு பட்டன் வச்சிருக்கான் அத்தான். அத நீங்களும் அமுக்கியிருக்கிய" என்று சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பார்வதியம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவரை உடனே திரும்பச் சேர்த்தேன். அதன் பிறகு அவர் மோர் குடித்தார்.

சாயங்காலம் காவியா பேசினாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை. "அப்பா, இதுல நான் எங்கப்பா இருக்கேன்?" என்று கேட்டாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வரை தேடினேன் அண்ணாச்சி. பெயரும் நட்சத்திரமும் போன் நம்பரும்தான் அவளுடையதாக மிச்சம் இருந்தன. மாமா இதைச் செய்தார், அத்தை அதைச் செய்தாள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன்னு எழுதியிருந்தேனே, அத எடுத்தது யாருப்பா?" என்றாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "அத எடுத்தது யாருன்னு அதுலயே காட்டும்ப்பா" என்றாள்.

அதை எடுத்தது நான்தான். வெள்ளிக்கிழமை தங்களுக்கு அனுப்பிய மறுநாளே, யாரும் சொல்லாமல், நானாகவே அழித்தேன். இந்த ஒரு வரியால் தாங்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்ற பயம். மற்றதெல்லாம் மரியாதை பார்த்துக் கெட்டது, அதற்கு நான் சிரித்துக்கூட விடுவேன். இதற்குச் சிரிக்க முடியவில்லை. அவள் பம்ப் வரைகிறாள் என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டவன் நான். நேரில் கேட்டால் இப்போதும் சொல்வேன். எழுத்தில் இருந்தபோது துடைத்துவிட்டேன். அவள் "சரிப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை. அண்ணாச்சி, எனக்கு வெட்கமாக இருக்கிறது. தங்களிடம் வெட்கப்படுவதைவிடப் பெற்ற பிள்ளையிடம் வெட்கப்படுவது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே உண்மை என்னவென்றால், என் மகள் ஐந்தடி நாலு. மாநிறம். பம்ப்செட் கம்பெனியில்தான் வேலை. கோலம் போட வராது, பைக் ஓட்ட வரும். அவள் வைக்கிற ரசத்தைக் குடித்தவர்கள் யாரும் இரண்டாவது தரம் கேட்டதில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவாள். இப்படிப்பட்ட பெண்ணைப் பார்க்க மனமிருந்தால் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அவசியம் வந்து எங்களைக் கௌரவப்படுத்த வேண்டும். கோபமிருந்தால் அதை என்மேல் வையுங்கள், அவள்மேல் வேண்டாம்.

மதினிக்கு என் பணிவான வணக்கமும், தம்பிக்கு எங்கள் இருவரின் ஆசியும் சொல்லவும். தங்கள் தோட்டத்துக்கு நேரத்துக்கு மழை பெய்யட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்நோக்கும்,
இசக்கிப்பாண்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் காவியா மறுபடி பேசினாள். மேலே கண்ட விளக்கம், மன்னிப்பு, ஞாயிற்றுக்கிழமை அழைப்பு எதையும் தாங்கள் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. தம்பி சிவபாலன் வெள்ளிக்கிழமையே அவள் எழுதிய பக்கத்தைப் படித்து ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தாராம். பிறகு நடந்த கூத்தையெல்லாம் பார்த்துவிட்டு, அதிலிருந்த நம்பருக்குக் கூப்பிட்டு அவளிடம் சொன்னதே அவர்தானாம். இப்போது அவர்கள் இரண்டு பேரும் அவரவரைப் பற்றி உள்ளது உள்ளபடி எழுதப் புதிதாக ஒரு பக்கம் திறந்திருக்கிறார்கள். சனிக்கிழமை கோயம்புத்தூரில் பார்த்துப் பேசிக்கொள்கிறார்களாம், பெரியவர்கள் அவசரப்பட வேண்டாமாம். அந்தப் பக்கத்தைப் பார்க்க மட்டுமாவது விடும்படி நானும் அனுமதி கேட்டு அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. தம்பி தங்களை உள்ளே விட்டிருந்தால் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று போனில் ஒரு வார்த்தை சொல்லவும். தங்களையும் விடவில்லையென்றால், ஞாயிற்றுக்கிழமை சும்மாவாவது புறப்பட்டு வாருங்கள் அண்ணாச்சி, நாம் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே உட்கார்ந்திருப்போம்.