பாத்தாத்தான் மாமா பார்க்காத நேரம்

பாத்தாத்தான் மாமா பார்க்காமல் ஸ்ரீரங்கத்தில் ஒரு காரியமும் நடந்ததில்லை. இது நான் சொல்வதல்ல, அவரே சொல்வது. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதித்து ரிட்டயர் ஆனவர். "கையில வாங்கிப் பாக்கற வரைக்கும் டிக்கெட்டே கிடையாது. பாத்தாத்தான் எதுவும் உண்டு" என்பார். தெருவில் அதுவே பேராக நின்றுவிட்டது.

முக்கொம்பு அணையில் தண்ணீர் திறந்ததை ஊரே டிவியில் பார்த்திருக்கும். இவர் மட்டும் நம்ப மாட்டார். அம்மா மண்டபம் படித்துறைக்கு நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, "ம், காவிரி வந்துடுச்சு" என்று தெருவுக்கு அறிவிப்பார். அதுவரைக்கும் காவிரி என்னமோ முக்கொம்பிலேயே இவர் உத்தரவுக்குக் காத்து நின்ற மாதிரி.

நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் வாதாடி ஜெயிக்க எங்கள் தெருவில் என்னை விட்டால் ஆளில்லை. ஒருநாள் மாமாவை மடக்கினேன்.

"பால் மட்டும் நாம பாக்காதப்பத்தானே பொங்குது? அதுக்கு என்ன சொல்றீங்க?"

"பொங்குனதப் பாத்தீங்களா? வழிஞ்சு கெடந்ததத்தானே பாத்தீங்க?"

அடுப்பைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன்.

அப்படிப்பட்டவருடைய சம்சாரம் மங்களத்துக்குப் போன வருஷம் நெஞ்சுவலி வந்துவிட்டது. புத்தூரில் ஆஸ்பத்திரி. தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனேன். மாமா ஐசியூ கண்ணாடிக்கு வெளியே கண் கொட்டாமல் நிற்கிறார். முதல் நாளிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்.

"ஒரு வாய் சாப்பிடுங்க."

"சோத்தப் பாக்கக் குனியணும்ல? அப்புறம் அவ மூச்ச யாரு பாக்கறது?"

அந்த நேரம் பார்த்து உள்ளே நர்ஸ் திரையை இழுத்துவிட்டாள். "மூடாதம்மா! மூடாத!" என்று கண்ணாடியைத் தட்டினார். விழுந்துவிடுவாரோ என்று பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, பெருமாளுக்கு அமுது படைக்கறப்ப திரை போடறாங்க. எட்டியா பாக்கறோம்? கும்பிட்டுக்கிட்டுத்தானே நிக்கறோம்?"

வெகுநேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார். டிபன் பாக்ஸை வாங்கி, தலையைக் குனிந்து, சாப்பிட ஆரம்பித்தார். மலைக்கோட்டை எழுந்து நடந்திருந்தால்கூட அப்படி வாயடைத்து நின்றிருக்க மாட்டேன்.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். மங்களம் கண்ணைத் திறந்ததும் கேட்டது ஒன்றுதான்.

"சாப்டீங்களா?"

"நீ பாக்கல. ஆனா சாப்ட்டேன், மங்களம். நம்பு."

அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் என்ன, கும்பிட்டது கும்பிட்டதுதான்.