மூன்று ராஜாக்களும் ஒரு சந்தேகமும்

இந்தக் கதையை அப்பாதான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் சொன்னால் கடைசியில் அவரே ஜெயித்துவிடுவார். அதனால் நான் சொல்கிறேன்.

அண்ணன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதும் அவன் அறை காலியானது. வெளிச்சமான அறை. ஒட்டினாற்போல் ஒரு பால்கனி. பால்கனியில் அப்பாவின் சாய்வு நாற்காலி. கட்டிலைக் கழற்றி அனுப்பிய கையோடு அப்பா கூடத்தில் நின்று பிரகடனம் செய்தார்.

“இனிமே இது சீட்டாட்ட அறை. நானும் கீழ்வீட்டுப் பல் டாக்டரும் ஆடப்போறோம். முடிவு பண்ணியாச்சு.”

“யார் பண்ணினது?” என்றேன்.

“நான்தான்.”

“எதிர்த் தரப்பை விசாரிச்சீங்களா?”

“இந்த வீட்டுல எதிர்த் தரப்பே நீ ஒருத்திதான். உன்னைத் தினமும் கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்!”

அம்மா பள்ளிக்கூட நாடகங்களுக்கு உடை தைப்பவள். அவளுக்குத் தொழிற்சாலை எங்கள் சாப்பாட்டு மேசை. ஒவ்வொரு வேளையும் தையல் மிஷினை இறக்கி, துணியைச் சுருட்டி, ஊசி பொறுக்கி, தட்டு வைத்து, பிறகு எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற வேண்டும். பாதி தைத்த சிங்கத்தலை எங்களோடு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறது. போன வாரம் ஒரு அரசரின் தாடி அப்பாவின் காப்பியில் மிதந்தது. திட்டு வாங்கியது அம்மா. அரசரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அறை யாருக்கு வேண்டும் என்பது சிங்கத்துக்கே தெரியும். பல்கலைக்கழக விவாத மேடையில் எதிரணியை அழவைத்தவள் நான். உழைப்பு, உரிமை, சமத்துவம் என்று அடுக்கினேன். அப்பா ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டாவி விட்டார்.

அப்போதுதான் அம்மா மெல்ல, “ஏங்க, உங்க ஆட்டத்தையே ஆடி முடிவு பண்ணிக்கலாமா?” என்றாள்.

அப்பாவின் முகம் மலர்ந்த மலர்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் அம்மாவைச் சமையலறைக்குள் இழுத்தேன்.

“அறிவிருக்காம்மா? உன் உரிமையை நீ எதுக்குச் சூதாடி வாங்கணும்?”

“உரிமைன்னு கேட்டா உங்கப்பா வருஷக்கணக்கா யோசிப்பாரு. ஆட்டம்னா இன்னிக்கே முடிஞ்சிரும். போய்ச் சீட்டைக் கலைச்சுப் போடு.”

அப்பாவுக்கு வேலை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. சொல்லிக்கொடுப்பது என்றால் உயிர். அம்மாவின் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து, இரண்டு சம பங்காக்கி, பாடத்தை ஆரம்பித்தார்.

“கவனி. ஆளுக்கு ரெண்டு சீட்டு. அது ரகசியம். நடுவுல அஞ்சு சீட்டு விழும். அது பொது, ரெண்டு பேருக்கும் சொந்தம். முதல்ல மூணு, அப்புறம் ஒண்ணு, அப்புறம் ஒண்ணு. உன் ரெண்டும் நடுவுல இருக்குற அஞ்சும் சேர்ந்தா ஏழு. அதுல உசத்தியான அஞ்சை எடுத்துக்கணும்.”

“பந்தயம் கட்டுறது?” என்றாள் அம்மா.

“ஆட்டத்துக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு பொத்தான் கட்டாயம். அப்புறம் கையில ரெண்டு சீட்டு வந்ததும் ஒரு தடவை கட்டலாம், நடுவுல சீட்டு விழ விழ ஒவ்வொரு தடவையும் கட்டலாம். ஒண்ணும் கட்டாம தள்ளிவிட்டா நியூட்ரல். எதிராளி கட்டினதுக்குச் சமமாக் கட்டினா அதே வேகத்துல பின்னாடியே போறது. அதிகமாக் கட்டினா ஆக்சிலேட்டர். சீட்டு சரியில்லையா, கவிழ்த்து வெச்சிரு. அது பிரேக். வெக்கமே படக்கூடாது. நல்ல டிரைவருக்கு அடையாளமே பிரேக்தான்.”

“ரிவர்ஸ்?”

“கிடையாது. போட்ட பொத்தான் போட்டதுதான்.”

“எதிராளி பிரேக் போட்டுட்டா என் சீட்டைக் காட்டணுமா?”

“தேவையில்ல. பொத்தானை அள்ளிக்க வேண்டியதுதான்.”

பிறகு ஏணிப்படி. ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, ஒரே மாதிரி மூன்று, வரிசையாக ஐந்து, ஒரே சின்னத்தில் ஐந்து, ஒரே மாதிரி மூன்றோடு ஒரு ஜோடி, ஒரே மாதிரி நான்கு என்று மேலே மேலே போனார். சாயங்காலம் அவருடைய மாணவர் வந்து மணி அடிக்கும்போது யாரிடம் பொத்தான் அதிகமோ அவருக்கு அறை. ஏற்பாடு அதுதான்.

அம்மா தோற்க ஆரம்பித்தாள். பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

“ஏங்க, ஒரு சந்தேகம். ரெண்டு ஜோடின்னா நாலு சீட்டுதானே? அஞ்சாவது எதுவா இருந்தாலும் சரியா?”

அப்பா சிரித்தபடி பிரேக் போட்டார். அம்மா வெகுளியாகச் சீட்டைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு ஜோடி.

“ஏங்க, ஏஸ் ராஜாவுக்கு மேலயா, கீழயா?”

மறுபடி பிரேக். திருப்பினால் ஏஸ்.

சந்தேகம் கேட்காத ஆட்டங்களில் அப்பா ஆக்சிலேட்டரை மிதித்தார். அவள் குவியல் கரைந்தது. அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“வண்டி கத்துக்க வர்றவன் ‘ஹாரன் எங்கே சார்’னு கேட்டா, முன்னாடி யாரோ நிக்குறாங்கன்னு அர்த்தம். மாணவன் கேள்வி பொய் சொல்லாது கண்ணு!”

“வேற ஏதாவது கேளேம்மா!” என்று கத்தினேன். சீட்டுப் போடுபவர் பேசக்கூடாதாம். அதற்கும் ஒரு விதி வைத்திருந்தார்.

வெளியே வெயில் சாய்ந்தது. அடுத்த ஆட்டத்தில் நடுவில் மூன்று சீட்டைத் திருப்பினேன். டைமண்ட் ராஜா, ஹார்ட்டின் ஒன்பது, ஹார்ட்டின் நான்கு. அப்பாவின் மீசை துடித்தது. ஒரு கை பொத்தான் போட்டார். அம்மா சமமாகப் போட்டாள். நான்காவது ஸ்பேடு மூன்று. அப்பா இரண்டு கை போட்டார். அம்மா அதற்கும் சமமாகப் போட்டாள். ஐந்தாவது ஹார்ட்டின் ஜாக்கி.

அம்மா தன் இரண்டு சீட்டையும் பார்த்தாள். நடுவில் கிடந்த மூன்று ஹார்ட்டினையும் பார்த்தாள். உதடு அசைந்தது.

“ஏங்க, ஒரு சந்தேகம்.”

அப்பா நிமிர்ந்தார்.

“ஒரே சின்னத்துல அஞ்சுன்னீங்களே, அது வரிசையா வேற இருக்கணுமா? முன்னபின்ன இருந்தாலும் செல்லுமா?”

“செல்லும்,” என்றார் அப்பா.

அம்மா மிச்சமிருந்த பொத்தானையெல்லாம் இரு கையாலும் நடுவில் தள்ளினாள்.

அப்பா மோட்டுவளையைப் பார்த்தார். தன் சீட்டைப் பார்த்தார். கடைசியில் இரண்டையும் திருப்பி என்னிடம் காட்டினார். இரண்டு ராஜா. நடுவில் கிடந்ததோடு மூன்று.

“பார்த்துக்க. வேற எவனா இருந்தாலும் இதோட மோதிச் செத்திருப்பான். நான் பிரேக் போடுறேன்.” கவிழ்த்து வைத்தார். அம்மா பொத்தானை அள்ளினாள். இப்போது பெரிய குவியல் அவள் பக்கம். சீட்டைக் காட்டவில்லை. காட்டத் தேவையில்லை என்பது விதி.

அடுத்த ஆட்டம். சீட்டு கையில் வந்ததுமே அம்மா கவிழ்த்து வைத்தாள். அதற்கடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

“என்ன பண்றே?”

“பிரேக்குங்க.”

“எல்லா ஆட்டத்துக்குமா? இப்படியெல்லாம் ஆடக்கூடாது!”

“எந்த விதியில?” என்றேன் நான். அன்று முழுக்க அதற்காகத்தான் காத்திருந்தேன்.

ஆட்டத்துக்கு ஒரு பொத்தானாக அவள் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கொடுத்து மாளாத குவியல். மணி அடித்தது.

இப்போது என்னுடைய குட்டை உடைக்கிறேன். அந்த ஆட்டத்துச் சீட்டைப் பொறுக்கியது நான். அம்மா வைத்திருந்தது ஒரு கிளாவர் இரண்டு, ஒரு ஸ்பேடு ஏழு. ஹார்ட்டினுக்கு ஒன்றுவிட்ட உறவுகூட இல்லை. ஒரு ஜோடிக்கும் வழியில்லை. இரண்டையும் கட்டுக்குள் செருகிவிட்டேன். உலகத்திலுள்ள எந்த விவாத மேடையிலும் இப்படி ஒரு வாதத்தை நான் கேட்டதில்லை. ஒரே ஒரு கேள்வி. அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை.

அறையில் மிஷினை இறக்கி வைத்த பிறகு கேட்டேன்.

“முதல்லேர்ந்தே திட்டமாம்மா?”

வாயிலிருந்த குண்டூசியை எடுத்தாள். “முதல்ல கேட்டதெல்லாம் நிஜமாவே சந்தேகம்டீ. கேக்கக் கேக்க உங்கப்பா பயப்படுறது தெரிஞ்சுது. அப்புறம் பார்த்தா எனக்குச் சந்தேகமெல்லாம் தீர்ந்துபோச்சு. அதான், புதுசா ஒண்ணு தைச்சேன்.”

சிங்கத்தலையின் பிடரிக்கு மயிர் வைக்க ஆரம்பித்தாள்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. மனசு வரவில்லை. இப்போது அவரும் பல் டாக்டரும் ஆடுவது சாப்பாட்டு மேசையில்.

“மூணு ராஜா டாக்டர்! கவிழ்த்து வெச்சேன். ஒரே ஒரு கேள்வியில கண்டுபிடிச்சிட்டேன். இல்லேன்னா என் மானமே போயிருக்கும்!”

டாக்டர் வாயைப் பிளந்தார். அந்த நேரத்தில் புது அறையின் வாசலில் அம்மா, கையில் அளவு நாடாவோடு, வந்து நின்றாள்.

“ஏங்க, ஒரு சந்தேகம். பால்கனி அந்த அறையோட சேர்ந்ததுதானே?”

அப்பா கையிலிருந்த சீட்டைப் பார்க்கக்கூட இல்லை. கவிழ்த்து வைத்துவிட்டு, சாய்வு நாற்காலியைத் தூக்கி வரப் போனார்.