எலுமிச்சம்பழத்தை நம்பிய ஜீப்பு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த வேலையும் உருப்படியாகச் செய்யத் தெரியாது. ஆனால் செய்கிறவர்களுக்குப் பாடம் எடுப்பேன். (டீச்சர் வேலைக்குப் போயிருக்கலாம், பிள்ளைகள் தப்பித்தன.) இந்தப் பழக்கத்தால் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், குரங்கணிக்கு மேலே, ஒரு ஜீப்பைக் கொன்றேன்.

ஜீப்பு என் வீட்டுக்காரருடையது. போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தவர் குவைத்துக்கு டிரைவராகப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. வண்டி அவருடைய சித்தப்பா தோட்டத்து ஷெட்டில் ஓடாமல் கிடந்தது; டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அந்த வாரம் போனில் சொன்னார்: "தேனிக்குக் கொண்டுபோயி ஒர்க்‌ஷாப்புல காட்டு. வண்டி தேறும்னா நான் வந்துர்றேன், பழையபடி ஓட்டுறேன். தேறாதுன்னா இங்க கம்பெனியில இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி."

ஜீப்பு டிரெய்லரில் ஏறினால் அவர் வருவார். என் மண்டைக்கு அவ்வளவுதான் ஏறியது. மூன்று வருடமாகத் தினமும் முகத்தைப் போனில் பார்த்து என்ன செய்ய? "சாப்பிட்டீங்களா" என்று போனைக் கேட்டுவிட்டு, தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற பிழைப்பு.

முதல் நாள் முழுக்க, வின்ச்சு என்கிற கயிறு சுருட்டும் மிஷினைப் போட்டு வண்டி ஏற்றுவது எப்படி என்று வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். காலையில் டிரெய்லர் வந்தபோது நான் முக்கால் இன்ஜினியர். டிரெய்லர்க்காரர் மூணாறு பக்கத்து மலையாளி, சாந்தமான மனுசன், தலை நரைத்ததே இந்தச் சோலியில்தான். அவரிடம்போய் ஆரம்பித்தேன்.

"அண்ணே, ரோப்பு இழுக்கையில அதுக்கு நேரா யாரும் நிக்கக் கூடாது. அறுந்தா ஆளை வெட்டிரும்."

"அறியாம் சேச்சி." தெரியுமாம்.

"கியரு நியூட்ரல்ல இருக்கணும்." சொன்னதோடு விட்டேனா? நானே ஏறி நியூட்ரலில் போட்டேன்.

ஷெட்டு சரிவில், டிரெய்லர் கீழே பாதையில். ஜீப்பு மூக்கைக் கீழே நீட்டிக்கொண்டு நின்றது. ஹேண்ட் பிரேக் எப்போதோ செத்துவிட்டது. முன் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்திருந்த இரண்டு மரக்கட்டைகள்தான் அதைப் பிடித்து வைத்திருந்தன. "பின்னாடி மரத்துல ஒரு ரோப்பு, முன்னாடி வின்ச்சு ரோப்பு. ரெண்டும் மாட்டுற வரை கட்டையைத் தொட வேண்டா சேச்சி" என்று சொல்லிவிட்டு அவர் கொக்கியை எடுத்துவரக் கீழே இறங்கினார்.

மணி பத்தே கால். பத்தரைக்கு ராகு காலம். வீடியோ காலில் என் வீட்டுக்காரருக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்த என் அண்ணன், "வெரசா ஆகட்டும்" என்று பறந்தார். என் கையில் இரண்டு எலுமிச்சம்பழம். அவரைக் கூட்டிவரப் போகிற வண்டியைச் சக்கரத்தடியில் பழம் வைக்காமல் அனுப்புவேனா? குனிந்து பார்த்தால், பழம் வைக்க வேண்டிய இடத்தில் கட்டை உட்கார்ந்திருக்கிறது!

ஒரு பக்கக் கட்டையை உருவிவிட்டுப் பழத்தை வைத்தேன். வண்டி அசையவில்லை. தைரியம் வந்துவிட்டது. மறுபக்கக் கட்டை இறுகியிருந்தது; பக்கவாட்டில் நின்று கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பினேன்.

இரண்டாவது பழத்தை வைக்க நேரமில்லை. மூன்று வருடமாக அசையாத வண்டி, முதல் பழத்தைச் சப்பென்று நசுக்கிவிட்டுக் கிளம்பிவிட்டது. டிரெய்லரை ஒரு முழத்தில் தவறவிட்டு, ஏலச்செடிகளை மடக்கிக்கொண்டு, ஓடைக்குள் தலைகுப்புறப் போய் விழுந்தது. டிரெய்லர்க்காரர் கொக்கியும் கையுமாக நின்றார். "எந்து பணியா சேச்சி இது!"

அண்ணன் போனைப் பார்த்துச் சொன்னார்: "மாப்ளே, வண்டி ஏறல மாப்ளே. எறங்கிருச்சு."

"செல்விக்கு அடி கிடி பட்டுச்சா?" அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். அண்ணன் போனை என் பக்கம் திருப்பினார். பதறிப்போன அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. தோட்டத்தில் ஏலக்காய் எடுக்க வந்த பொம்பளைகள் அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதேன். "ஐயோ, ஜீப்பு போச்சே! இனி நீங்க எதுல வருவீங்க?"

போன் ஸ்பீக்கரில் கேட்டது: "அடியே கிறுக்கி, குவைத்துல இருந்து நான் ஜீப்புலயா வரப்போறேன்? ஏரோப்ளேன்லதானடி வரணும்!"

பொம்பளைகள் சிரித்த சிரிப்பு குரங்கணி வரைக்கும் கேட்டிருக்கும். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவர் குரலை இறக்கிக் கேட்டார். "இத்தனை வருசத்துல, வாங்கன்னு ஒரு தடவை வாயத் தொறந்து சொல்லிருக்கியா நீ?"

சொன்னதில்லை. மழை பெய்ததைச் சொல்லியிருக்கிறேன், மோட்டார் ரிப்பேரானதைச் சொல்லியிருக்கிறேன். வாங்க என்று சொன்னால் அங்கே அவருக்கு வேலை ஓடாதே என்று, அதை மட்டும் முழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம், இரண்டு வருடத்துக்குப் போட வேண்டிய கையெழுத்தை அவர் ஒரு வருடத்துக்குப் போட்டார். அதில் இன்னும் நான்கு மாதம் பாக்கி.

கல்யாணம், காதுகுத்து என்று எங்கே தலையைக் காட்டினாலும் சொந்தக்காரர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். "ஏ செல்வி, ஒன் வீட்டுக்காரரு எதுல வர்றாரு?"

"எதுலயாச்சும் வரட்டும் மதினி, வந்தாப் போதும்" என்பேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் அதைச் சிரிக்க வைப்பதற்காகச் சொல்வதில்லை.