மூங்கிலண்ணன் வீட்டுச் செக்போஸ்ட்

மூங்கிலில் கூரை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கூடை பின்னியவர்களைப் பார்த்திருக்கிறேன். மூங்கில் குச்சியால் முதுகில் வாங்கியவன் என்ற முறையில் பள்ளிக்கூட வாத்தியார்களையும் நான் மறக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு மூங்கில் கழியை வைத்துக்கொண்டு, யாரையும் ஓர் அடிகூட அடிக்காமல், இரண்டு பிள்ளைகளுக்கு எழுத்துப் பிசகாமல் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் மூங்கிலண்ணன். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. சம்பளத்தைப் போலவே அதையும் யாரும் அதிகமாகப் பார்த்ததில்லை.

இன்றைக்கு ஓசூர் என்றால் ஆலையும் ஷிப்ட்டும்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது ஐம்பதுகளின் கதை. தளியைத் தாண்டி, ஜவளகிரிக் காட்டோரமாக, மைசூர் எல்லையில் ஒரு மதுவிலக்குச் செக்போஸ்ட் இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் குடித்தால் வியாபாரம், இந்தப் பக்கம் குடித்தால் கேஸ். நடுவே ஒரு மூங்கில். அதன் ஒரு முனையில் கல், இன்னொரு முனையில் கயிறு. வண்டி வந்தால் 'நில்' என்று சொல்வது அண்ணன் வேலை. அவர் தலையசைத்ததும் கயிற்றை அவிழ்த்து மூங்கிலைத் தூக்கிவிடுவது என் வேலை. அந்த வேலைக்குப் படிப்பு வேண்டாம் என்பதால்தான் எனக்குக் கிடைத்தது. நாலாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் என் பெயரைக் கூப்பிட்டபோது ஜன்னல் வழியாக வெளியே குதித்தவன், பிறகு வெகுகாலம் எந்தப் பள்ளிக்கூடத்து வாசலையும் மிதிக்கவில்லை.

படிப்புக்குப் பதிலாக எனக்குக் கவலை நன்றாக வரும். கயிறு அறுந்து மூங்கில் யார் மண்டையிலாவது விழுந்துவிடுமோ என்று கவலை. யானைக்கு மூங்கில் என்றால் உயிர் என்று கேள்விப்பட்டதிலிருந்து, என்றைக்காவது அது வந்து செக்போஸ்ட்டையே தின்றுவிட்டுப் போய்விட்டால் மேலதிகாரிக்கு என்ன பதில் சொல்வது என்று கவலை.

"யானை தின்னா, யானை தின்னுச்சுன்னு சொல்லுவோம்டா" என்பார் அண்ணன்.

"சாட்சி கேப்பாங்களே அண்ணா?"

"யானையையே கூட்டிட்டு வா."

செக்போஸ்ட்டுக்குப் பின்னால்தான் அண்ணன் குடியிருந்தார். மூத்தவள் நாகு, இளையவன் ராசு. பள்ளிக்கூடம் தேன்கனிக்கோட்டையில்; நாங்கள் சுருக்கமாகக் கோட்டை என்போம். நடுவில் யானை இறங்குகிற ரோடு. சின்னப் பிள்ளைகளை எப்படி அனுப்புவது? அண்ணன் எட்டாவது தேறியவர். 'நானே சொல்லிக்கொடுத்துக்கறேன்' என்று இறங்கிவிட்டார். அவர் சம்சாரம் கௌரம்மா கன்னடக்காரி. பிள்ளைகள் அம்மாவிடம் கன்னடத்தில் சோறு கேட்கும், ஆடு மேய்க்கிற பையன்களோடு தெலுங்கில் சண்டை போடும். தமிழ் எழுத்து என்பது அப்பாவின் சிலேட்டில் மட்டும் விளைகிற பயிர்.

அதற்காக அவர் தம் வீட்டு வாசலிலும் ஒரு மூங்கிலைப் போட்டார்.

அச்சு அசல் ரோட்டில் இருப்பது மாதிரியே. கல் உண்டு, கயிறு உண்டு, நடுவில் ஒரு சிலேட்டும் பல்பமும் தொங்கும். வீட்டிலிருந்து வெளியே போகிற பிள்ளையும் உள்ளே வருகிற பிள்ளையும் அங்கே நிற்கவேண்டும். அண்ணன் ஒரு சொல் சொல்வார். எழுத்துக்கூட்டிச் சொல்லி, சிலேட்டில் எழுதிக் காட்டினால் மூங்கில் ஏறும். தப்பினால் திட்டு இல்லை, குட்டு இல்லை. "ரிவர்ஸ்!" என்பார். அவ்வளவுதான். பிள்ளை லாரி மாதிரி உர்ர்ரென்று பின்னால் போய்விட்டு மறுபடி வந்து நிற்கவேண்டும்.

இதில் ஒரு கணக்கு வைத்திருந்தார். புதுச் சொல் ஒவ்வொரு தடவை வாசலைத் தாண்டும்போதும் வரும். தப்பாமல் வர ஆரம்பித்துவிட்டால் அதைத் தூக்கிச் சந்தை நாளுக்கு வைப்பார். சந்தை நாளிலும் தப்பாமல் வந்தால் அமாவாசைக்குப் போகும். அமாவாசையன்று பழைய சரக்கு முழுவதும் வெளியே வரும். அதில் ஏதாவது தப்பினால் அது வெட்கப்பட்டுக்கொண்டு மறுபடி வாசலுக்கே திரும்பிவிடும். வாசலில் நிற்கிற சொற்கள் கொஞ்சம் குறைந்தால்தான் புதுச் சொல்லுக்கு இடம்.

அமாவாசை வந்தால் கௌரம்மாவுக்குத் தலைவலி. ஒரு தடவை தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடத்தோடு வந்து நிற்கிறாள். மூங்கிலுக்கு அடியில் ராசு 'கிழங்கு' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டு முழிக்கிறான். புருஷனை அவள் கன்னட வழக்கப்படி 'ரீ' என்றுதான் கூப்பிடுவாள்.

"ரீ! மூங்கில தூக்கறீங்களா, இல்ல குடத்த உங்க தலையில கவுக்கட்டா?"

"இரு, ஒரு எழுத்துதான் பாக்கி."

"அவன் அந்த ஒரு எழுத்த எழுதி முடிக்கறதுக்குள்ள எனக்குக் கழுத்தே கிழங்கா ஆயிடும்!"

"கழுத்துன்னதும் ஞாபகம் வருது. ராசு, அடுத்து கழுத்து."

குடம் கவிழ்ந்ததா என்று கேட்காதீர்கள். சிலேட்டு நன்றாகக் கழுவப்பட்டது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த வாசல் பக்கமே நான் தலைகாட்டமாட்டேன். கௌரம்மா களி கிண்டிவிட்டுக் கூப்பிட்டால், வேலி முள்ளில் வேட்டியைக் கிழித்துக்கொண்டு கொல்லைப்பக்கமாகத்தான் போவேன். ஒரு நாள் அண்ணன் இல்லாத நேரம் பார்த்துத் துணிந்து வாசல் வழியாக வந்தேன். நாகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, யானை எழுதுங்க."

"எனக்கெதுக்கும்மா யானை?"

"வண்டின்னா நிக்கணும். எழுதுங்க."

வியர்த்துக் கொட்ட எழுதினேன். அந்தக் காலத்தில் 'னை' எழுதும்போது னகரத்துக்கு முன்னால் துதிக்கை மாதிரி ஒரு வளைவு போடவேண்டும். அது எனக்கு மறந்துபோய்விட்டது. நாகு தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "அய்யோ, மாமா யானைக்குத் துதிக்கையே இல்ல! ரிவர்ஸ்!" என்றாள். களி ஆறிவிட்டது.

என் துதிக்கை போகட்டும். என் கவலையெல்லாம் அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான். கோட்டையில் படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டித் தள்ளுகின்றன. இங்கேயோ மாதம் போனாலும் கிழங்கையே சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"அண்ணா, கொஞ்சம் வேகமா சொல்லிக்குடுத்தா என்ன? இப்படியே போனா நாகு கல்யாணத்துலதான் 'கல்யாணம்'னு எழுதக் கத்துக்குவா."

அவர் ரோட்டைக் காட்டினார். கனகபுரா பக்கமிருந்து ஒரு லாரி. மலையாகப் பலாப்பழம். டிரைவருக்கு ஏக அவசரம்.

"தெகீரி சாமி, கேட்டு தெகீரி! ஓசூர் சந்தை போகணும்!" என்று கன்னடமும் தமிழுமாகத் திறக்கச் சொல்லிக் கத்தினான்.

"கயிறு லூசா இருக்குப்பா. இழுத்துக் கட்டிட்டுப் போ" என்றார் அண்ணன்.

"டைம் இல்ல சாமி!"

விட்டோம். போனான். முதல் வளைவிலேயே கயிறு தன் வேலையை ராஜினாமா செய்தது. ரோடு முழுக்கப் பலாப்பழம் உருண்டு, வெடித்து, காடே மணத்தது. அந்த வாசனைக்கு யார் வருவார்கள் என்று சொல்லவேண்டுமா? குட்டியோடு ஒரு கூட்டமே இறங்கிவந்து நடுரோட்டில் பந்தி உட்கார்ந்துவிட்டது. டிரைவரும் கிளீனரும் ஆளுக்கொரு மரத்தில். நான் எங்கள் அறைக் கட்டிலுக்கு அடியில். அண்ணன் மட்டும் ஜன்னலில் நின்றுகொண்டு, கட்டிலைப் பார்த்துக் குனிந்து சொன்னார்:

"வேகமா ஏத்தலாம்டா. யாரு வேணாலும் ஏத்தலாம். போய்ச் சேரணுமில்ல? புதுச் சரக்கு ஏத்தறதுக்கு முன்னாடி பழைய கயித்த ஒரு தடவ இழுத்துப் பாக்கணும். அதான் நான் செய்யறேன்."

கட்டிலுக்கு அடியிலிருந்தே ஒப்புக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போது நாகுவுக்கு ஐந்தாம் வகுப்பில் சேர்கிற வயது வந்தது. கோட்டையில் கௌரம்மாவின் அண்ணன் வீடு இருந்தது. அங்கே தங்கிப் படிக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்தையே பார்க்காத பெண்ணுக்கு ஏது சர்ட்டிபிகேட்? தலைமையாசிரியர், 'சொல்வதெழுதுதல் வைத்துப் பார்ப்பேன். எழுதினால் ஐந்தாம் வகுப்பு, எழுதாவிட்டால் ஒன்றாம் வகுப்பு' என்று சொல்லிவிட்டார். கௌரம்மாவின் அண்ணன் அதற்கு மேல் ஒரு போடு போட்டார்: "இவ்ளோ பெரிய பொண்ணு ஒண்ணாப்புல உக்காந்தா ஊர் சிரிக்கும். அப்படின்னா வீட்டோட இருக்கட்டும், மாடு மேய்க்கட்டும்." ஐந்தாம் வகுப்பு, இல்லாவிட்டால் மாடு. நடுவில் வேறு வழி இல்லை.

அண்ணன் காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார். நாகு மடியில் சிலேட்டு. பஸ்ஸின் பிரேக்கைப் பற்றியும் நாகுவைப் பற்றியும் மாறி மாறிக் கவலைப்பட்டுக்கொண்டே கோட்டை போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கூட வாசலில் என் கால் தானாகவே நின்றுவிட்டது. நான் வெளியே மரத்தடியில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேன். ஜன்னல் எனக்குப் பழக்கமான வழி.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். நாகுவை பெஞ்சில் உட்காரவைத்து, "பயப்படாதேம்மா. எழுது, வாழைப்பழம்" என்றார்.

நாகு எழுதவில்லை.

"சரி, மழைக்காலம்?"

எழுதவில்லை. பல்பம் கையில் இருக்கிறது. கண் மட்டும் வாசலைப் பார்க்கிறது. வாழைப்பழமெல்லாம் அவள் எத்தனையோ அமாவாசைக்கு முன்னாலேயே தாண்டிய சொல்! அவர் இன்னும் சில சொற்களைச் சொல்லிப் பார்த்தார். பெண் பொம்மை மாதிரி இருந்தது.

"ஒன்றாம் வகுப்பிலேயே சேர்த்துவிடலாம். குழந்தை மெதுவாகக் கற்றுக்கொள்ளும்" என்றார் அவர் கனிவாக.

அண்ணன் முகத்தை அன்றைக்குத்தான் அப்படிப் பார்த்தேன். காட்டு யானை எதிரே வந்தபோதுகூட அந்த முகம் அப்படி ஆனதில்லை. நாகுவின் உதடு துடித்தது.

"அப்பா... மூங்கில் இல்லியே."

அண்ணன் துள்ளி எழுந்தார். சுற்றிலும் பார்த்தார். மூலையில் தலைமையாசிரியரின் நீளக் குடை இருந்தது. "சார், ஒரு நிமிஷம்" என்று அதை எடுத்துக்கொண்டவர், ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்:

"டேய்! உள்ள வாடா!"

"நானா? பள்ளிக்கூடத்துக்குள்ளயா அண்ணா?"

"கேட்டைத் தூக்கறது யார் வேல? வந்து பிடி!"

வந்தேன். எப்படி வந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வகுப்பு வாசலில் குடையைக் குறுக்கே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன இது? இவர் சைகை காட்டுவாரா?" என்றார் தலைமையாசிரியர்.

"சார், இவன் யானைக்கே துதிக்கை போடத் தெரியாதவன். இவன் என்ன சைகை காட்டப் போறான்? நீங்க சொல்லுங்க சார்."

நாகு எழுந்து குடைக்கு முன்னால் வந்து நின்றாள். முகத்தில் உயிர் வந்துவிட்டது.

"வாழைப்பழம்" என்றார் அவர்.

கடகடவென்று எழுத்துக்கூட்டினாள், எழுதினாள், காட்டினாள். அவர் தலையசைத்தார். நான் குடையைத் தூக்கினேன். வெளியே போனாள். திரும்பி வந்தாள். மழைக்காலம். குடை ஏறியது. உள்ளே போனாள், வெளியே வந்தாள். கிணற்றங்கரை, நெல்லிக்காய், திருவிழா. பக்கத்து வகுப்புப் பிள்ளைகளெல்லாம் வராந்தாவில் கூடிவிட்டார்கள். ஒரு சொல்லில் நாகு தடுமாறி, தப்பான எழுத்தைப் போட்டுவிட்டாள். யாரும் ஒன்றும் சொல்வதற்குள் அவளே அதைப் பார்த்துவிட்டு, "ரிவர்ஸ்!" என்று உர்ர்ரென்று கரும்பலகை வரை பின்னால் போய், மறுபடி வந்து சரியாக எழுதினாள். வராந்தாவே கைதட்டியது. தலைமையாசிரியர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஐந்தாம் வகுப்புதான். சந்தேகமில்லை. ஆனால் தினமும் இங்கே குடை பிடிக்க ஆள் கிடைக்காதே அம்மா. உட்கார்ந்து எழுதப் பழகவேண்டாமா?"

"பழகிடுவா சார். ஒரேடியா எடுத்துடாதீங்க" என்றார் அண்ணன். "முதல்ல ரூல் தடிய அவ முன்னால குறுக்கே வச்சுக்கட்டும். அது சரியா போனா ஈர்க்குச்சி. அப்புறம் ஒரு நூலு. நூலு போதும்னு ஆனப்புறம் அதையும் எடுத்துடலாம். நடுநடுவுல ஒரு நாள் ரூல் தடிய வச்சும் பாருங்க."

அவரும் அப்படியே செய்தார், புண்ணியவான். அடுத்த வருஷம் ராசுவும் கோட்டைக்குப் போனான். நாகு முன்னால் வைத்த நூல் என்றைக்கோ பறந்துபோய்விட்டது, அவள் அதைக் கவனிக்காமலே எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று பஸ் கண்டக்டர் வந்து சேதி சொன்னார். அண்ணன், "சரி" என்றார். எந்த வண்டியும் வராத ரோட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வீட்டு வாசல் மூங்கில் தூக்கினது தூக்கினபடியே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஆடு போனது, கோழி போனது, கேட்பாரில்லை. கௌரம்மா ஒரு நாள் என்னிடம் வந்தாள்.

"தம்பி, வாசல் பக்கமே பாக்க மாட்டேங்கறாரு. ரெண்டு குடத்தோட நான் நேரா உள்ள போறேன். தடுக்க ஆளில்லாம எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

மறுநாள் களி சாப்பிடப் போனபோது நான் வேலிப் பக்கம் போகவில்லை. நேராக வாசலுக்கு வந்தேன். கயிற்றைப் பிடித்து மூங்கிலை இறக்கினேன். சிலேட்டின் தூசியைத் தட்டிவிட்டு நின்றுகொண்டேன்.

"அண்ணா! வண்டி நிக்குது. வந்து கேளுங்க."

அவர் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், மூங்கிலைப் பார்த்தார். "யானை" என்றார்.

எழுதிக் காட்டினேன்.

"துதிக்கை எங்கடா? ரிவர்ஸ்!" என்றார். பழைய குரல் வந்துவிட்டது.

உர்ர்ரென்று பின்னால் போனேன். துதிக்கையைத் தெரிந்தேதான் விட்டிருந்தேன். விட்டால்தானே நாளைக்கும் கேட்பார்.