எஸ்தரின் சுவரும் என் சுண்ணாம்பும்

சும்மா இருந்தாலே குடும்பத்துக்குப் பெரிய உபகாரம் என்று சொல்லத்தக்க மனிதர்கள் சிலர் உண்டு. நான் அந்த வகை. இதை என் மனைவி எஸ்தர் கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். (புதுப் பட்டுப்புடவையைத் துவைத்து வைத்திருந்தேன், ஆசையாக.) எனக்குப் புரிய இன்னும் சில வருஷங்கள் ஆயின.

எழுபதுகளின் கடைசி. சித்தூரில் குடியிருந்தோம், இப்போது இருக்கும் இதே வீட்டில்தான். நான் தாலுக்கா ஆபீசில் குமாஸ்தா. எஸ்தர் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அந்த வருஷம் ஆகஸ்டில் அவளுக்கு வலது மார்பில் கட்டி வந்து, வேலூருக்குப் போய் ஆபரேஷன் செய்து, மார்பையே எடுத்துவிட்டார்கள். கேன்சர் என்ற வார்த்தையை எங்கள் சபையில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ‘அந்த வியாதி’ என்பார்கள், அதையும் கிசுகிசுப்பாக. எஸ்தர் மட்டும் சத்தமாகவே சொல்வாள்.

“கேன்சர்தாங்க. பேரைச் சொன்னா வந்து ஒட்டிக்குமா இன்னா?”

உயிரோடு திரும்பி வந்தாள். ஆனால் வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த அம்மா அதற்கு ஒரு வழி சொல்லி அனுப்பியிருந்தார். சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். விரல்களைச் சுவரில் எறும்பு ஏறுவது போல மெல்ல மெல்ல மேலே ஏற்ற வேண்டும். எதுவரை போகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுத வேண்டும். நாளைக்கு அந்தக் கோட்டைத் தாண்டப் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு ஒரு நிபந்தனை வைத்தார்.

“எஸ்தரம்மா, ஜனவரில ஸ்கூல் தெறக்கும்போது வா. போர்டு மேல்வரில எப்பவும் போல பைபிள் வசனம் எழுத முடிஞ்சா மூணாம் கிளாஸ் உனக்குத்தான். முடியலன்னா, பர்வாலேது, லைப்ரரிய பாத்துக்க.”

லைப்ரரி என்பது இரண்டு பீரோ. ஒன்றுக்குச் சாவி கிடையாது. பெரிய டீச்சர் தெருமுனை தாண்டுவதற்குள் எஸ்தர் என்னிடம் சொன்னாள்: “கரப்பான் பூச்சிக்குக் காவல் இருக்க நான் ட்ரெயினிங் படிக்கல. போர்டு எம்மாம் உயரம்னு அளந்துக்கினு வாங்க.”

நான் ஒரு நூலோடு போய், தரையிலிருந்து போர்டில் வசனம் எழுதும் வரி வரைக்கும் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டுச் சுவரில் அதே உயரத்தில் தடிமனாக ஒரு கோடு போட்டோம். அதற்குக் கீழே எஸ்தரின் சின்னக் கோடுகள் ஒவ்வொன்றாக ஏற ஆரம்பித்தன. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றுவாள். சில நாள் அரை விரல்கடை, சில நாள் ஒன்றுமே இல்லை. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் தடிமன் கோட்டுக்கு நாலு விரல்கடைதான் பாக்கி.

அப்போது அவளுடைய அக்கா திருப்பதியிலிருந்து வந்து, ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று இரண்டு நாள் அழைத்துப் போனார். பஸ் ஏறும்போது எஸ்தர் ஜன்னல் வழியாக, “வீட்ல எதையும் தொடாம இருங்க, அது போதும்” என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வெள்ளையடிக்காத வீடு எங்கள் சபையில் கிடையாது. வீடு வீடாகக் கீத பவனி வருகிறவர்கள் வாயால் பாடினாலும் கண்ணால் சுவரைத்தான் பார்ப்பார்கள். பாவம், அவள் வந்து எங்கே கஷ்டப்படப் போகிறாள் என்று என் மனம் உருகியது. சுண்ணாம்பு வாங்கினேன். நீலம் கலந்தேன். வெள்ளையடிக்கும் மட்டையைக் கம்பில் இறுக்கிக் கட்டி, இரண்டு பூச்சு அடித்தேன். காய்ந்ததும் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தேன். சுவர் பளிச்சென்று இருந்தது. ஒரு கோடு, ஒரு புள்ளி இல்லை.

ஒரு கோடு கூட இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

சரி, அளவு நூல் இருக்கிறதே என்று தேடினேன். அதை வைத்துத்தான் கம்பில் மட்டையைக் கட்டியிருந்தேன். இழுத்து முடிந்த முடிச்சுகளில் எது அளவு முடிச்சு என்று கர்த்தருக்கே வெளிச்சம். பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். லீவு, பூட்டு. வாட்ச்மேன் கார்வேட்டிநகரம் போய்விட்டானாம்.

கடைசியில் ஞாபகத்தை நம்பினேன். தடிமன் கோடு என் உச்சந்தலைக்கு நேராக இருந்ததா, அதற்கு நாலு விரல்கடை மேலா? தாழ்த்திப் போட்டால் அவளை ஏமாற்றியதாகும், உயர்த்திப் போட்டால் பாதகமில்லை என்று நியாயம் பேசி, உயர்த்தியே போட்டேன். அதிலிருந்து நாலு விரல்கடை விட்டு அவளுடைய கடைசிக் கோடு. அதற்குக் கீழே மற்றவை. தேதியும் போட்டேன். தாலுக்கா ஆபீஸ் அனுபவம் கைகொடுத்தது.

எஸ்தர் வந்தாள். “பரவால்லியே, வெள்ள நல்லாத்தான் கீது” என்றாள். கோடுகள் அப்படியே இருப்பதைப் பார்த்து, “கோட்டு மேல படாம அடிச்சீங்களா?” என்று கேட்டாள். நான் கூசாமல் தலையாட்டினேன். அவள் முகம் கழுவிக்கொண்டு சுவர்முன் நின்று விரல்களை ஏற்றினாள். கடைசிக் கோட்டுக்கு நாலு விரல்கடை கீழே கை நின்றுவிட்டது. மறுபடி ஏற்றினாள். அதே இடம்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். ஆபரேஷனுக்குப் போகும்போதுகூட நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

“ரெண்டு நாள்ல இம்மாம் எறங்கிச்சே... மறுபடி வந்துட்சாங்க?”

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். “பஸ்ல வந்த களைப்பு” என்றேன். வாழ்க்கையில் நான் செய்த கோழைத்தனங்களில் அதற்குத்தான் முதலிடம்.

மறுநாள் முழுக்க அவள் சுவரை விட்டு நகரவில்லை. வலியில் கண்ணில் தண்ணீர் வரும், துடைத்துக்கொண்டு மறுபடி ஏற்றுவாள். சோறு இறங்கவில்லை. எனக்கும்தான். அதற்கு மறுநாள் காலை சுவரிடம் போனவள் விரலை ஏற்றாமல், மூக்கு சுவரில் இடிக்கிற மாதிரி நின்று தேதிகளைப் படித்தாள்.

“இன்னாங்க, இங்க வாங்க.”

போனேன்.

“நான் ஏழு போட்டா நடுவுல குறுக்குக் கோடு போடுவேன். இதுல ஒரு ஏழுக்குக்கூட இல்ல. நவம்பர்ல முப்பத்தொண்ணாந்தேதி வேற வருது. மூணாம் கிளாஸ் பசங்க காப்பி அடிச்சாலே கண்டுபிடிக்கிறவ நான்.”

எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். நூல், மட்டை, உச்சந்தலை எல்லாம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். “ரெண்டு நாளா எனக்குள்ள சாவு ஊட்டுக்கு ஆள் சொல்லிக்கினு இருந்தேன் தெரியுமா?” என்று கேட்டுவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அப்புறம் நான் கோடுகளை அழிக்கத் துணியை எடுத்தபோது கையைப் பிடித்துத் தடுத்தாள்.

“இருக்கட்டும். எம்மாம் உயரத்துல எழுதணும்னு இனிமே யாருக்குத் தெரியும்? இதையே தொட்டுட்றேன்.”

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தது. நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வகுப்பு ஜன்னலில் தொங்கினேன். பெரிய டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எஸ்தர் சாக்பீசை எடுத்து வலது கையை உயர்த்தினாள். கை வசனம் எழுதும் வரியைத் தாண்டிப் போய், போர்டின் மரச் சட்டத்தில் டக்கென்று இடித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் கையைக் கொஞ்சம் தாழ்த்தி வசனத்தை எழுதினாள். முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். போய்த் தொலையுங்கள் என்று ஜாடை காட்டினாள். (அடுத்த செக்கப்பில் வேலூர் உடற்பயிற்சி அம்மா, “இவ்வளவு முரட்டுத்தனமா செய்யச் சொன்னது யாரு?” என்று கடிந்துகொண்டார். எஸ்தர் என்னைக் கை காட்டினாள். வலது கையால்தான்.)

இன்றைக்கும் எங்கள் வீட்டில் அந்தச் சுவரில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு பட்டை வெள்ளையடிக்காமல் பழுப்பேறிக் கிடக்கிறது. கீத பவனி வருகிறவர்கள் வருஷம் தவறாமல் கேட்பார்கள். எஸ்தர் முதலிலிருந்து கதையைச் சொல்வாள். வருஷத்துக்கு வருஷம் என் முட்டாள்தனம் கொஞ்சம் கூடும். கேக் தட்டைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நிற்பது என் பங்கு. நான் எதற்காவது உதவிக்கு எழுந்தால் போதும், எங்கள் பிள்ளைகள் “நைனா, நூல் எங்க?” என்பார்கள்.

இந்த வருஷமும் வெள்ளையடிக்க ஆள் வந்தான். அவன் தொடங்குவதற்கு முன் எஸ்தர் வழக்கம்போல அந்தப் பட்டைமுன் நின்று, விரல்களை எறும்பு மாதிரி ஏற்றி, நான் தப்பாகப் போட்ட தடிமன் கோட்டைத் தொட்டாள். அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதையாவது செய்யலாமே என்று கீழே கிடந்த மட்டையை எடுத்தேன்.

அவள் கையை இறக்கவில்லை, திரும்பவும் இல்லை.

“அத்த கீழ வைங்க” என்றாள்.