அழிய மறுக்கும் பழைய பேக்கப்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், கடைக் கம்ப்யூட்டரைத் தவிர. போனில் சொன்னால் பாதியிலேயே "ரீஸ்டார்ட் பண்ணுங்க மாமா" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் மெயில்.

பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு கதவுகள் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். இன்று புதன். டிஸ்க் நிரம்பியதால் மரம் செதுக்கும் மிஷினுக்கு டிசைன் ஏறவில்லை. நீங்கள் வைத்துக் கொடுத்த பேக்கப் தினம் ஒரு நகல் எடுத்து அடுக்கியிருக்கிறது, சரி, பழசைக் கழிப்போம் என்று இருப்பதிலேயே பழைய நகலைத் திங்கள் காலை அழிக்கச் சொன்னேன், மதியம் வரை மூன்றே சதவீதம், தூங்குகிறதாக்கும் என்று நிறுத்தி மறுபடி கொடுத்தேன், மறுபடி பூஜ்யம், இப்படி நான்கு தடவை. "நிமிஷத்துக்கு ஒருக்கா அடுப்ப அணைச்சா எப்படி முதலாளி வேகும்?" என்றார் மிஷின்காரர். கோபம் வந்தது, ஆனால் நியாயம். பிறகுதான் ஆராய்ச்சிப் புத்தி வந்தது. நேற்றைய நகலை அழித்துப் பார்த்தேன், கண் மூடித் திறப்பதற்குள் காணோம். பழசு மட்டும் ஏன் அடம் பிடிக்கிறது? அளவைப் பார்த்தேன். அது முந்நூறு ஜிபி, மற்றதெல்லாம் ஒன்றோ இரண்டோ. கிடங்கில் பலகை அடுக்கின் முன்னால் போய் நின்றதும் விளங்கிவிட்டது, முதல் நகல் முழுசு, பிந்தியவை அன்றன்றைய மாற்றம் மட்டும், எல்லாம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. அடிப்பலகையை உருவ வேண்டுமானால் மேலே உள்ளதை நகர்த்த இடம் வேண்டும், இடம் இல்லை என்றுதானே அழிக்கவே வந்தேன்! இந்த வம்பை யோசித்த புண்ணியவான் யார்?

சின்ன டிஸ்க்காக வாங்கித் தந்தது உங்கள் தப்பு. உள்ளதைச் சொல்கிறேன், மனதில் வைக்காதீர்கள். நாளை முதல் பஸ்ஸில் கிளம்பி வாருங்கள்.

மகளும் பேத்தியும் நிரம்ப நாள் நன்றாக இருக்கட்டும், உங்கள் டிஸ்க்கும் காலியாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: அனுப்பப் போகும்போது உங்கள் அத்தை திரையை எட்டிப் பார்த்தாள். "வாசல் கேமரா படமெல்லாம் எட்டு மாசமா இதுலதான் சேருது. யாரு வச்சது?" நான்தான். தனி டிஸ்க் தண்டம் என்று நினைத்தேன். ஒரே அமுக்கில் எல்லாவற்றையும் அழித்துவிட்டாள், மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. டிஸ்க் பற்றிச் சொன்னதை மறந்துவிடுங்கள், வரவும் வேண்டாம். பழைய நகலை அழிப்பதும் இப்போது அறுபத்தொரு சதவீதத்தைத் தாண்டிவிட்டது, யாரையும் தொட விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றை மட்டும் சொல்லுங்கள், கேமரா படமும் முந்நூறு ஜிபிதானே, அது மட்டும் எப்படி ஒரு நொடியில் போயிற்று?