பதினைந்து கோடிப் புள்ளிகளும் மாப்பிள்ளையின் மச்சமும்

கேமரா கம்பெனியில் வேலை பார்ப்பவன் வேறு, கல்யாணத்தில் படம் எடுப்பவன் வேறு. இதை என் சொந்தக்காரர்களுக்கு இந்த ஜென்மத்தில் புரியவைக்க முடியாது.

பெங்களூரில் நாங்கள் விற்பது தொழிற்சாலைக் கேமரா. கன்வேயரில் ஓடும் செல்போன் கண்ணாடியில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் பிடித்துவிடும். (நிறமே தெரியாது, கறுப்பு வெள்ளைதான்.) அதன் சென்சாரில் பதினைந்து கோடிப் புள்ளிகள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக என் தங்கை கல்யாணத்துக்குப் பேசியிருந்த போட்டோகிராபரையே சித்தப்பா வேண்டாம் என்று சொல்லிவிடுவதா?

"இன்னாடா, பதினஞ்சு கோடி புள்ளின்ற, மாப்ள மூஞ்சி விழாதா?" என்றார்.

ஒரு வாடிக்கையாளருக்குக் காட்ட வைத்திருந்த கேமராவைப் பங்காருபேட்டை ரயிலில் குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ராபர்ட்சன்பேட்டை மண்டபத்தில் ரிசப்ஷன். மறுநாள் காலையில்தான் தாலி. லேப்டாப்பை மேடைக்குப் பக்கத்துப் பெரிய திரையில் மாட்டியது சித்தப்பாவின் யோசனை. கேமராவை இணைத்ததும் கீறல் தேடும் சோதனை புரோகிராமும் தானாக ஓடத் தொடங்கும் என்பதை மறந்தது என் மூளை.

திரையில் மாப்பிள்ளை வந்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி கறுப்பு வெள்ளையில், கதவளவு முகம். தாடை மச்சத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம். அம்மைத் தழும்புக்கு இன்னொன்று. கீழே கொட்டை எழுத்தில் 'ரிஜெக்ட்'. முன்வரிசைப் பிள்ளைகள் அதைச் சத்தமாகப் படித்தார்கள். இந்த நாட்டில் கல்வி வளர்ந்துதான் தொலைத்திருக்கிறது!

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "என் புள்ளைய ரிஜெக்டா? வேன எடுக்கச் சொல்லுங்க, கெளம்பலாம்."

மேடையில் தங்கையின் கண் நிறைந்துவிட்டது. நான் மாப்பிள்ளையின் அம்மாவிடம் ஓடினேன்.

"அத்தே, அது கண்ணாடியில கீறல் பாக்குற மிஷினு..."

"என் புள்ள மூஞ்சி கண்ணாடியா? நீ போய் நில்லு. உன்ன இன்னா சொல்லுதுன்னு பாக்கலாம்."

நின்றேன். பரு, பருவின் வடு, காலையில் சவரம் செய்த வெட்டு, முன்பல் சந்து என்று கட்டத்தின் மேல் கட்டமாக விழுந்து, கடைசியில் என் மூக்கு நுனி மட்டும்தான் தெரிந்தது. அத்தை சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. "என் புள்ள எவ்ளோ தேவலாம்! வேன் வாணாம், இருங்க."

கல்யாணம் நடந்தது. சென்சார் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தது. திட்டு வாங்கியது மட்டும் நான். சித்தப்பாவை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இன்றுவரை இல்லை!

அதோடு விட்டார்களா? எனக்குப் பெண் தேடியபோது, ஸ்டூடியோவில் கோட்டு போட்டு எடுத்த படத்தை ஒதுக்கிவிட்டு, அந்தக் கட்டம் போட்ட முகத்தைத்தான் அத்தை வாட்ஸப்பில் எல்லாருக்கும் அனுப்பினார். சரி என்று சொன்ன ஒரே பெண் இன்று என் மனைவி. ஏன் சம்மதித்தாய் என்று யார் கேட்டாலும், என்னை வைத்துக்கொண்டே சொல்கிறாள்:

"கொற எல்லாம் முன்னாடியே கட்டம் போட்டு காட்டிட்டாங்க. அப்புறம் இன்னா பயம்?"